நால்வர் ஹார்னில் ஸ்விங் கெடும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மார்த்தாண்டத்துக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில் ஹார்ன் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது களியக்காவிளை நிலையத்துக்குள் நுழையும் பேருந்தின் ஹார்ன். அடுத்து, பேண்டு செட்டில் நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் டெனர் ஹார்ன். இங்கே நான் எழுதுவது மூன்றாவதைப் பற்றி, அதாவது சுருண்ட குழாயும் வலக்கையை உள்ளே நுழைத்துப் பிடிக்கும் அகன்ற வாயும் கொண்ட பிரெஞ்சு ஹார்னைப் பற்றி. அப்படிப்பட்ட நான்கு ஹார்ன்கள் மட்டும் சேர்ந்து, டிரம் இல்லாமல், பேஸ் கிட்டார் இல்லாமல், மெல்லிய ஸ்விங் பாணிப் பாட்டு (தட்டைச் சமமாகப் பிரிக்காமல் உருட்டி வாசிக்கும் ஜாஸ் நடை) ஒன்றை வாசிக்க முயலும்போது என்னென்ன கெடுகிறது, கெட்டதை எங்கிருந்து பிடித்துச் சரிசெய்வது என்பதே பொருள். ஆலயப் பாடகர் குழுவிலும் பேண்டு செட்டிலும் பழகி, ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நான் நான்காம் ஹார்ன், அதாவது நால்வரில் அடிச்சுரங்களை வாசிப்பவன். ஆகவே கீழே பல இடங்களில் "முதலில் நான்காம் ஹார்னைப் பாருங்கள்" என்று நான் எழுதுவதைத் தற்பெருமை என்றே எங்கள் குழுவில் முதல் ஹார்ன் வாசிக்கும் பாறசாலைச் சேட்டன் சொல்வார். இருந்தாலும், மேலே கேட்கிற பிழைகளில் பாதிக்கு மேல் கீழே பிறந்தவை என்பது பல ஆண்டு ஒத்திகையில் நான் கண்டது. டிரம்மும் பேஸும் இல்லாத குழுவில் அவ்விரண்டு வேலைகளையும் நான்காம் ஹார்னே செய்கிறது. அது தடுமாறினால் மற்ற மூவரும் எவ்வளவு அழகாக வாசித்தாலும் நிற்கத் தரை இராது.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு சோதனை

மற்ற மூவரும் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். நான்காம் ஹார்ன் மட்டும் எட்டு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) வாசிக்க வேண்டும். மூவரும் இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் விரலைச் சொடுக்க வேண்டும். சொடுக்கு தானாக விழுகிறது என்றால் அடித்தளம் சரியாக இருக்கிறது. பிழை மேலே இருக்கிறது. சொடுக்குவதற்கு யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால் மற்ற மூவருடைய பகுதிகளில் அன்றைய ஒத்திகை நேரத்தைச் செலவிடுவது வீண். மெட்ரோனோம் வைப்பவர்கள் அதை நான்கு தட்டுக்கும் வைக்காமல், பாதி வேகத்துக்குக் குறைத்து, இரண்டிலும் நான்கிலும் மட்டும் அடிப்பதாகக் கொண்டு வாசிக்கவும். ஒன்றாம் தட்டை மெட்ரோனோம் தராதபோது அதை வாசிப்பவரே உண்டாக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்புதான் பயிற்சி.

அறிகுறி: நொண்டுகிறது, அல்லது ஊர்வல மார்ச் போலக் கேட்கிறது

இது எல்லாக் குழுவுக்கும் முதலில் வரும் நோய். தாளில் இரண்டு குவேவர்கள், அதாவது அரைத் தட்டுச் சுரங்கள், சமமாக எழுதப்பட்டிருக்கும். மேலே "ஸ்விங்" என்று ஒரு சொல் இருக்கும். சமமாக வாசிக்கக் கூடாது என்பது தெரிந்ததும், பேண்டு செட்டில் பழகிய கை உடனே புள்ளி வைத்த குவேவரும் செமிகுவேவருமாக, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்துவிடுகிறது. அது மார்ச்சின் விகிதம். நிமிடத்துக்கு 160 தட்டு என்ற வேகத்தை எடுத்துக்கொண்டால் ஒரு தட்டு 375 மில்லிசெகண்டு. மார்ச் விகிதத்தில் இரண்டாம் சுரத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 94 மில்லிசெகண்டு. ஸ்விங்கின் இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் கிடைப்பது 125. வேறுபாடு முப்பது மில்லிசெகண்டுதான் என்றாலும், ஒன்று காலை உதைத்து நடக்கிறது, மற்றொன்று உருண்டு போகிறது என்று காது உடனே பிரித்துவிடுகிறது.

மருந்து நம் கைவசமே இருக்கிறது. திஸ்ர நடையைத் "தகிட தகிட" என்று சொல்லத் தெரிந்தவர்கள், நடுவிலுள்ள "கி"யை வாயால் சொல்லாமல் மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, "த…ட த…ட" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த "ட" விழும் இடமே ஸ்விங்கின் இரண்டாம் குவேவர். மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் டிரிப்லெட் என்று பக்கம் பக்கமாக விளக்குவதை, சிறு வயதில் பாட்டு வகுப்பில் கையைத் தட்டி உட்கார்ந்த ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: விழுங்கிய "கி" உண்மையிலேயே மனத்தில் ஓட வேண்டும். அதை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் மதிப்பிட்டால், மூன்றாவது பாரில் மார்ச் திரும்பி வந்துவிடும்.

வேகம் மாறும்போது விகிதமும் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெதுவான பாட்டில் "ட" இன்னும் பின்னுக்குத் தள்ளிப் போகலாம். 200-ஐத் தாண்டிய வேகத்தில் இரண்டு குவேவர்களும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. அங்கே விகிதத்தை வற்புறுத்தினால் குதிரை வண்டிச் சத்தம்தான் வரும். பழைய அச்சுப் பிரதிகள் சிலவற்றில் புள்ளி வைத்த குவேவராகவே எழுதியிருப்பார்கள். அதையும் "த…ட" என்றே படிக்கவும்.

ஒத்திகையில் இந்த நோய் ஒருவருக்கு மட்டும் இருந்தால் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் நால்வரும் ஒரே வரியை வாசிக்கும்போது மூன்று பேருடைய சரியான "ட"வுக்குள் ஒருவருடைய அவசரமான "ட" மறைந்து, மொத்தமும் சற்று மங்கலாக மட்டுமே கேட்கும். ஒவ்வொருவரும் ஒரே நான்கு பாரைத் தனியாக, வரிசையாக, நடுவில் நிறுத்தாமல் வாசித்துக் கொடுத்தால், கைமாறும் இடத்தில் பிழை வெளிப்படும்.

அறிகுறி: விகிதம் சரி, ஆனாலும் பாமாலை பாடுவது போல இருக்கிறது

இதுதான் உண்மையில் கடினமானது. தாளம் சரியாக இருக்கிறது, சுருதி சேர்ந்திருக்கிறது, இருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் கனம் போகவில்லை. காரணம் நாக்கிலும் சுரத்தின் முடிவிலும் இருக்கிறது. சுரம் எங்கே தொடங்குகிறது என்பதில் நாம் செலவிடும் கவனத்தில் கால்பங்கைக்கூட அது எங்கே முடிகிறது என்பதில் செலவிடுவதில்லை. ஹார்ன் கற்றுத்தரும் ஆசிரியர்கள் எல்லோரும் சுரத்தை மூச்சால் முடிக்க வேண்டும், நாக்கால் வெட்டக் கூடாது என்று சொல்லியே வளர்ப்பார்கள். சிம்பொனி வாசிப்பதற்கு அது முற்றிலும் சரி. ஸ்விங்கில், குறுகிய கிராட்செட் (ஒரு தட்டுச் சுரம்) ஒன்றை "டாட்" என்று நாக்கை மேலே வைத்து மூடி முடிப்பதுதான் வழக்கம். அந்த மூடல் இல்லாவிட்டால் சுரம் ஆலயத்துக் கூரையில் கரைவது போல நீண்டுகொண்டே போகும். அதற்கடுத்த மௌனம் கேட்காது. மௌனம் கேட்காத இடத்தில் ஸ்விங்கும் இல்லை.

இரண்டாவது, இணைப்பு எங்கே விழுகிறது என்பது. பழகிய கை தட்டின் மேல் விழும் குவேவரிலிருந்து அடுத்த குவேவருக்கு ஸ்லர் போடும். ஸ்விங்கில் அதைப் புரட்டிப்போட வேண்டும்: தட்டுக்கு நடுவில் வரும் குவேவரை நாக்கால் தொட்டு, அங்கிருந்து அடுத்த தட்டுக்கு இழுக்க வேண்டும். வாயால் சொல்வதானால் "டூ–டா, டூ–டா" என்பதில் அழுத்தம் "டூ"வில் இல்லை, "டா"வில் இருக்கிறது. அந்த "டா" அடுத்த "டூ"வோடு ஒட்டிக்கொள்கிறது. நீண்ட ஓட்டத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் ஒலிக்க வேண்டியதில்லை. ஏறும் வரியின் உச்சிச் சுரத்துக்கும் திரும்பும் சுரத்துக்கும் அழுத்தம் கொடுத்து, இடையிலுள்ள சிலவற்றைக் கேட்டும் கேட்காததுமாக விழுங்கிவிடலாம். கருங்கலிலிருந்து வரும் எங்கள் இரண்டாம் ஹார்ன் டீச்சர் இதை வகுப்பில் குழந்தைகள் வேகமாகப் பேசுவதோடு ஒப்பிட்டுச் சொல்வார்: எல்லா எழுத்தும் வாயில் இருக்கும், சில மட்டுமே காதுக்கு வரும்.

நாக்கின் தொடக்கமும் மென்மையாக இருக்க வேண்டும் என்று பலர் எண்ணி, "த"வுக்குப் பதில் எல்லா இடத்திலும் "ந" போன்ற தொடக்கம் வைக்கிறார்கள். என் கருத்தில் அது தவறு. டிரம்பெட்டின் வாய் கேட்பவரை நோக்கி இருக்கிறது. ஹார்னின் வாய் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. கேட்பவருக்குப் போவது சுவரில் பட்டு மழுங்கிய ஒலி. ஆகவே வாசிப்பவரின் காதுக்குச் சற்றுக் கூர்மையாகத் தோன்றும் தொடக்கமே முன்வரிசையில் சரியாகக் கேட்கும். ஹார்ன் ஸ்விங்குக்கு ஒவ்வாத கருவி என்று சொல்பவர்களுக்கும் பதில் இதுவே. 1940களில் கிளாட் தார்ன்ஹில் தம் நடனக் குழுவில் பிரெஞ்சு ஹார்ன்களை வைத்திருந்தார். 1950இல் மைல்ஸ் டேவிஸின் ஒன்பது பேர் குழுவின் ஒலிப்பதிவில் குந்தர் ஷுல்லர் ஹார்ன் வாசித்தார். டெட்ராய்ட்டில் பிறந்த ஜூலியஸ் வாட்கின்ஸ் (1921–1977) ஜாஸ் தனி வாசிப்பையே இந்தக் கருவியில் தம் தொழிலாக்கிக்கொண்டார். வாட்கின்ஸின் ஒலிப்பதிவைக் கேட்கும்போது மெட்டைக் கவனிக்காமல் ஒவ்வொரு சுரமும் எப்படித் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதை மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்கவும்.

அறிகுறி: பாட்டு போகப் போக இழுபடுகிறது

தொடக்கத்தில் 152 என்று எடுத்த வேகம் முடிவில் 138க்கு வந்து நிற்கும். உடனே யாரோ ஒருவர் சோம்பலாக வாசிக்கிறார் என்று குற்றம் சாட்டப்படும். நால்வருமே தாங்கள் மற்றவரோடு சேர்ந்து வாசிப்பதாக நம்புவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நம்பிக்கைதான் இழுபாட்டுக்குக் காரணம்.

ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகிறது. உங்களுக்குப் பின்னால் ஒன்பது மீட்டர் தள்ளிச் சுவர் இருந்தால், ஹார்னின் வாயிலிருந்து புறப்பட்ட ஒலி சுவருக்குப் போய்த் திரும்புவதற்குள் 18 மீட்டர் கடக்கிறது. அதற்கு 50 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் ஆகும். மேலே கணக்கிட்ட 125 மில்லிசெகண்டு "ட"வில் அது பாதியை நெருங்குகிறது. நால்வரும் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியைக் கேட்டு அதோடு சேர்ந்து வாசித்தால், ஒவ்வொரு பாரிலும் சிறிது சிறிதாகப் பின்வாங்கிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆலயங்களின் நீண்ட நடுக்கூடத்தில் பீடத்துக்கு முன்னால் நின்று வாசிக்கும்போது இது மிகவும் கடுமையாகும்.

முதல் வேலை, இடத்தை மாற்றுவது. பின்னால் இரண்டு மூன்று மீட்டருக்குள் கெட்டியான சுவர் இருக்கும்படி உட்காரவும். திருமண மண்டபத்தில் அலங்காரத் துணித் திரைக்கு முன்னால் உட்கார வைத்தால் ஒலியைத் திரை குடித்துவிடும். அங்கே வேகம் கெடாது, ஆனால் தொடக்கம் எதுவும் கேட்காது. திரையை விலக்கச் சொல்ல முடியாத இடத்தில் ஒரு பிளைவுட் பலகையை, அல்லது யாரும் பயன்படுத்தாத ஒரு கதவுப் பலகையைப் பின்னால் சாய்த்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, வரிசை. ஹார்னின் வாய் வாசிப்பவருக்கு வலப்பக்கமாகப் பின்னோக்கி இருப்பதால், அவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவரே அவரை நன்றாகக் கேட்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் வரிசையில் உட்காரும் வழக்கத்தில் நான்காம் ஹார்ன் ஓரத்தில் தனித்துப் போகிறது. நாங்கள் நான்காம் ஹார்னை முதல் ஹார்னுக்கு இடப்பக்கத்தில் உட்கார வைத்தோம். அதாவது நான்காம் ஹார்னின் வாய் முதல் ஹார்னின் காதுக்குப் பக்கத்தில் வந்தது. மெட்டு வாசிப்பவரும் பேஸ் வாசிப்பவரும் ஒருவரையொருவர் நேரடியாகக் கேட்கத் தொடங்கியதும் இழுபாடு பெருமளவு குறைந்தது. சேட்டன் மட்டும் "என் காது போச்சு" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது, மூச்சு. பேஸ் கிட்டார்க்காரர் நிற்காமல் நடக்கலாம். நான்காம் ஹார்ன் மூச்சு விட வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சுரமாக நடந்துகொண்டே போகும் வரியில் மூச்சுக்கென்று இடம் எழுதப்பட்டிருக்காது. மூச்சு முட்டியவர் பாரின் முடிவுவரை தாங்கிக்கொண்டு, அடுத்த ஒன்றாம் தட்டைச் சற்றுப் பிந்தி வைப்பார். குழு முழுவதும் அவரோடு பிந்தும். சுரத்தை விடலாம், தட்டை விடக் கூடாது. இரண்டு அல்லது நான்கு பாருக்கு ஒருமுறை, நான்காம் தட்டுச் சுரத்தை முழுவதுமாக விட்டுவிட்டு அங்கே மூச்சு வாங்கி, ஒன்றாம் தட்டில் கார்ட்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுப்பின்) ஆதார சுரத்தைச் சரியான நேரத்தில் வைக்கவும். எந்தச் சுரத்தை விடுவது என்பதை வாசிக்கும்போது முடிவு செய்யாமல், பென்சிலால் முன்னதாகவே குறித்துக்கொள்ள வேண்டும். காலியான நான்காம் தட்டைக் கேட்பவர் குறையாக எண்ணுவதில்லை. பல சமயம் அதுவே நடைக்கு ஓர் எழுச்சியைத் தருகிறது.

அறிகுறி: வேகம் ஓடுகிறது

இது பெரும்பாலும் மௌனங்களில் நிகழ்கிறது. நீண்ட சுரத்தையும் ரெஸ்ட்டையும் முழுமையாக எண்ணாமல் அடுத்த நுழைவுக்கு அவசரப்படுவதே காரணம். மௌனத்திலும் "தகிட" சொல்லிக்கொண்டிருக்கச் செய்தால் அடங்கிவிடும். மேடையில் மட்டும் ஓடுகிறது என்றால் அது பயம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அறிகுறி: கார்ட் கலங்கலாக இருக்கிறது, எந்தக் கார்ட் என்றே தெரியவில்லை

கீபோர்டுக்கு எழுதிய கார்ட்டுகளை அப்படியே நான்கு ஹார்னுக்குப் பங்கிட்டவர்களுக்கு இது கட்டாயம் வரும். இடது கை வாசிக்கும் நெருக்கமான சுரங்கள் கீபோர்டில் தெளிவாகக் கேட்கும். ஹார்னின் கனத்த ஒலியில் அவை உறுமும். ஒலிக்கும் சுருதியில் பேஸ் கிளெஃபின் நடுக்கோட்டுக்குக் கீழே இரண்டு ஹார்ன்கள் மூன்றாம் இடைவெளியில் நெருங்கி நின்றால் கலங்கல் வந்தே தீரும். கீழே ஐந்தாம் இடைவெளி, ஏழாம் இடைவெளி, எட்டாம் இடைவெளி என்று அகலமாகவும், மேலே நெருக்கமாகவும் அடுக்க வேண்டும்.

ஸ்விங் பாட்டின் கார்ட்டுகளில் ஐந்து ஆறு சுரங்கள் இருக்கும். நம்மிடம் இருப்பதோ நான்கு வாய். எதை விடுவது? ஐந்தாம் சுரத்தை விடலாம். நான்காம் ஹார்ன் ஆதார சுரத்தை வைத்தபின், கார்ட்டின் நிறத்தைச் சொல்பவை மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும். அவ்விரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். எஃப் மேஜரில் ஜி மைனர் ஏழு, சி ஏழு, எஃப் என்று வரும் வழக்கமான நடையை எடுத்துக்கொள்வோம். முதல் கார்ட்டில் எஃப் சுரம் வைத்திருப்பவர் இரண்டாவதில் அரைச்சுரம் மட்டும் இறங்கி ஈ-க்கு வருகிறார். பி ஃபிளாட் வைத்திருப்பவர் அசையாமல் நின்று, மூன்றாவது கார்ட்டில் ஏ-க்கு அரைச்சுரம் இறங்குகிறார். இரண்டாம், மூன்றாம் ஹார்ன்கள் வெறும் நிரப்பு என்று எண்ணி ஒளிந்து வாசிக்கும் குழுக்களில் இந்த இரண்டு இறக்கங்களும் கேட்பதில்லை, கார்ட் மாறியதே தெரிவதில்லை. அந்த அரைச்சுர இறக்கம் வரும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அங்கே மட்டும் சற்று முன்னே வரச் சொல்லவும். எங்கள் மூன்றாம் ஹார்ன் தம்பி இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து தன் பகுதி சலிப்பாக இருக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டான்.

சுருதியைச் சேர்க்கும்போது முதலில் நான்காம் ஹார்னின் ஆதாரம், அதன்மேல் ஐந்தாம் சுரம் இருந்தால் அது, கடைசியில் மூன்றாம் சுரம் என்ற வரிசையில் சேர்க்கவும். நீண்டு நிற்கும் கடைசிக் கார்ட்டில் மேஜர் மூன்றாம் சுரம் கீபோர்டின் அளவைவிட ஏறக்குறைய 14 சென்ட் இறங்கினால்தான், அதாவது அரைச்சுரத்தின் நூற்றில் பதினான்கு பங்கு தாழ்ந்தால்தான், அதிர்வில்லாமல் அமரும். பாட்டின் நடுவில் தட்டுக்குத் தட்டு மாறும் கார்ட்டுகளில் அந்தத் திருத்தத்துக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. முதல் வால்வும் இரண்டாம் வால்வும் சேர்ந்து அழுத்தும் சுரம் சற்று ஏறி நிற்பது கருவியின் இயல்பு. அதை வலக்கையால் சிறிது மூடி இறக்கலாம்.

கார்ட் முழுவதுமே தலைகீழாகக் கேட்டால், கலங்கலுக்குக் காரணம் காது அல்ல, தாள். பிரெஞ்சு ஹார்ன் எஃப் கருவி. எழுதியதைவிட ஐந்தாம் இடைவெளி கீழே ஒலிக்கும். பேஸ் கிளெஃபில் மட்டும் பழைய முறை ஒன்று உண்டு. அதில் எழுதியதைவிட நான்காம் இடைவெளி மேலே ஒலிக்க வேண்டும். பழைய முறைத் தாளைப் புதிய முறையாகப் படித்தால் நான்காம் ஹார்ன் ஓர் எட்டாம் இடைவெளி கீழே போய்ப் புதைந்துவிடும். நான்காவது பிரெஞ்சு ஹார்ன் கிடைக்காமல் பேண்டு செட்டின் ஈ ஃபிளாட் டெனர் ஹார்னைச் சேர்த்துக்கொள்பவர்கள், எஃப் ஹார்னுக்கான பகுதியை ஒரு முழுச்சுரம் ஏற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒலியின் நிறம் மாறும். இரண்டாம் ஹார்னின் பகுதிக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

அறிகுறி: வெயில் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறது

சூடான காற்றில் ஒலி விரைந்து போவதால் குழல் கருவிகளின் சுருதி ஏறும். உடன் மின்கீபோர்டு வைத்திருந்தால் அது அசையாமல் நிற்கும். கிறிஸ்துமஸ் காரல் சுற்றில் இரவு ஒன்பது மணிக்குச் சேர்த்த சுருதியை மறுநாள் பந்தலில் நண்பகலில் நம்பக் கூடாது. வாசித்துச் சூடேறிய பிறகே ஸ்லைடை (சுருதிக்காக இழுக்கும் குழாய்த்துண்டை) வைத்துச் சேர்க்கவும். எஃப் குழாயும் பி ஃபிளாட் குழாயும் ஒன்றாக அமைந்த இரட்டை ஹார்னில் எஃப் பக்கத்துக்கும் பி ஃபிளாட் பக்கத்துக்கும் தனித்தனி ஸ்லைடு இருப்பதால் இரண்டையும் இழுக்க வேண்டும்.

அறிகுறி: ஆஃப் பீட்டில், அதாவது தட்டுக்கு நடுவில், நுழையும் சுரம் உடைகிறது

எஃப் ஹார்னின் குழாய் ஏறக்குறைய 3.7 மீட்டர் நீளம். அவ்வளவு நீண்ட குழாயின் மேல், விரலை மாற்றாமல் உதட்டாலும் காற்றாலும் மட்டும் வரும் இயற்கைச் சுரங்கள் ஒன்றுக்கொன்று முழுச்சுரம், அரைச்சுரம் என்று நெருங்கி நிற்கின்றன. உதடு இம்மி தவறினால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடும். இது எல்லா இசைக்கும் பொது. ஸ்விங்கில் கூடுதலாகக் கெடுப்பது மூச்சின் நேரம். தட்டின் மேல் நுழையும் சுரத்துக்கு முந்தைய தட்டில் மூச்சு வாங்குவது பழக்கம்; ஆஃப் பீட்டில் நுழையும் சுரத்துக்கு எங்கே வாங்குவது என்று தெரியாமல், அந்தத் தட்டிலேயே அவசரமாக இழுத்து, உதடு அமைவதற்கு முன்பே ஊதிவிடுகிறார்கள். ஒரு முழுத் தட்டு முன்னதாக, அதுவும் "தகிட"வின் "ட"வில் மூச்சு வாங்கத் தொடங்கவும். தட்டின் மேல் காற்றும் உதடும் தயாராக நிற்க, அடுத்த "ட"வில் நாக்கு மட்டும் அசைய வேண்டும். நுழையும் சுரத்தை ஒருமுறை வாயால் பாடிவிட்டு ஊதினால் உடைவது பெரிதும் குறையும். இரட்டை ஹார்ன் வைத்திருப்பவர்கள், எழுதிய ஜி ஷார்ப்புக்கு மேலே கட்டைவிரல் வால்வை அழுத்திக் குட்டையான பி ஃபிளாட் பக்கத்துக்கு மாறுவது பாதுகாப்பு.

அறிகுறி: அலங்காரங்கள் மிருகக் காட்சிசாலை போலக் கேட்கின்றன

தாவி ஏறும் வழுக்கலை நம் ஊர்க் கோயில் கொம்புக்காரர்கள் எந்தத் தாளும் இல்லாமல் செய்வார்கள். கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் வளைந்த கொம்பைத் தூக்கி ஊதுபவர்களைக் கவனித்தால், முதலில் காற்று கூடுவதும், உதடு அதைத் தொடர்ந்து போவதும் தெரியும். பிரெஞ்சு ஹார்னிலும் அதே முறைதான்: ஒரே விரலமைப்பைப் பிடித்துக்கொண்டு, கீழ்ச்சுரத்தில் காற்றைக் கூட்டி, இயற்கைச் சுரங்களின் வழியாக மேலே போய், சேர வேண்டிய சுரத்தின் விரலமைப்புக்குக் கடைசிக் கணத்தில் மாறவும். போய்ச் சேரும் இடம் தட்டில் சரியாக விழ வேண்டும். வழியில் என்ன கேட்டாலும் பரவாயில்லை.

உதட்டால் சுரத்தை நடுக்கும் ஷேக்கை, இயற்கைச் சுரங்கள் முழுச்சுர இடைவெளியில் நிற்கும் மேல் பகுதியில் மட்டும் செய்ய வேண்டும். கீழே செய்தால் இடைவெளி அகன்று கனைப்பாகிவிடும். கையால் அடைத்து வாசிக்கும் சுரத்தை எஃப் பக்கத்தில் அரைச்சுரம் கீழேயுள்ள விரலமைப்பில் வாசிக்கவும். பி ஃபிளாட் பக்கத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு பாட்டில் இரண்டு அலங்காரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் சொந்தக் கட்டுப்பாடு. தம்பிக்கு அதில் உடன்பாடில்லை.

அறிகுறி: விரல் போகிறது, வால்வு போகவில்லை

குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வருபவர்களின் கருவியில் உப்புக்காற்று சீக்கிரம் வேலையைக் காட்டும். சுழல் வால்வின் தாங்கிகளிலும் உள்ளேயும் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடாது, பிசுபிசுத்து இறுகிவிடும். வால்வை இழுக்கும் கயிறு அறுந்தால் பின்னிய மீன்பிடிக் கயிற்றில் மெல்லியதை வாங்கிக் கட்டலாம். ஒற்றை நைலான் நரம்பு நீண்டு தளர்ந்துவிடும்.

அறிகுறி: நடுவில் ஒருவர் தொலைந்துபோகிறார்

இத்தகைய பாட்டுகளில் பெரும்பாலானவை முப்பத்திரண்டு பார் கொண்டவை: எட்டு பார் மெட்டு, அதுவே மீண்டும், வேறொரு எட்டு, மறுபடி முதல் எட்டு. மூன்று எட்டுகள் ஒன்றுபோல இருப்பதால், ரெஸ்ட்டில் இருப்பவர் தாம் எந்த எட்டில் நிற்கிறோம் என்பதை மறந்துவிடுவார். அவர் பார் எண்ணுவதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு எட்டின் முதல் தட்டிலும் நான்காம் ஹார்ன் ஆதார சுரத்தைச் சற்று நீட்டி, தெளிவாக வைக்க வேண்டும் என்றும், வேறான அந்த மூன்றாவது எட்டு தொடங்கும்போது மட்டும் முதல் ஹார்ன் தன் கருவியின் வாயைக் கொஞ்சம் உயர்த்திக் காட்ட வேண்டும் என்றும் நாங்கள் வைத்துக்கொண்டோம். தொலைந்தவர் உடனே ஊதக் கூடாது. அடுத்த ஆதார சுரம் வரும்வரை காத்திருந்து அங்கே ஏறிக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் தகரக் கூரையின் மேல் மழை அடித்து, யாருக்கும் யாருடைய ஆதாரமும் கேட்காத ஒத்திகைகளில், சேட்டனின் ஹார்ன் எப்போது உயர்கிறது என்று பார்த்துக்கொண்டே மூவரும் வாசித்திருக்கிறோம்.